காற்றின் மேல் பழி

பின்-அப் ஓவியத்தில் வரும் பெண் எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. வேலியைத் தாண்டும்போது பாவாடை கம்பியில் மாட்டிக்கொள்கிறது. நாய்க்குட்டி கயிற்றோடு அவள் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஏணியில் ஏறினால் சரியாக அந்த நேரம் பார்த்துக் காற்று அடிக்கிறது. அவள் புருவத்தை உயர்த்தி, உதட்டைக் குவித்து, "ஐயையோ" என்கிற முகத்தோடு நம் பக்கம் திரும்புகிறாள். பழி எல்லாம் நாய் மேல், வேலி மேல், காற்றின் மேல். அவள் மேல் கிடையாது. வரைந்தவர் மேல் கிடையாது. வாங்கிச் சுவரில் மாட்டிப் பார்க்கிறவர் மேல் சுத்தமாகக் கிடையாது.

ஐந்தாறு வருடமாக வார இறுதிகளில் நான் செய்கிற வேலை, புகைப்படங்களை இந்த மாதிரி ஓவியங்களாக மாற்றுவது. 1940கள், 50களில் அமெரிக்கக் காலண்டர்களில் வந்த படங்கள் போல. தோழிகள் பிறந்தநாளுக்குக் கேட்பார்கள். தோழிகளின் தோழிகள் கேட்பார்கள். காசு வாங்குவதில்லை, பிரியாணி வாங்கிக்கொள்வதுண்டு. பகல் முழுக்க வேறு யாரோ எழுதிய கோடில் பிழை தேடிவிட்டு, ராத்திரி ஒரு முழங்கையை மூன்று மணி நேரம் இழைத்துக்கொண்டிருப்பது எனக்கு ஓய்வு. இந்த விஷயத்தை ரசிக்கிறேன் என்று சொன்னால் சிலர் ஒருமாதிரி பார்ப்பார்கள். "நீயே ஒரு பொண்ணு, உனக்கு எப்படி இது பிடிக்குது?" பிடிக்கிறது. ஏன் பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடிக்காமல் போகிறது என்று யோசித்ததைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

பின்-அப் என்ற பெயர் குண்டூசியிலிருந்து வந்தது. சுவரில் குத்தி வைக்கிற படம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் கூடாரத்திலும் கப்பலிலும் குத்தி வைத்தார்கள், குண்டு போடும் விமானங்களின் மூக்கில்கூட வரைந்தார்கள். பெருவிலிருந்து போன அல்பெர்ட்டோ வர்காஸ் 1940இல் 'எஸ்குயர்' பத்திரிகையில் வரைய ஆரம்பித்தார். ஏர்பிரஷ்ஷால் நீர்வண்ணத்தை ஊதி ஊதி அவர் வரைந்த பெண்களுக்கு எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் இந்தக் கலையின் பெரிய சந்தை காலண்டர்தான். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 'பிரௌன் அண்ட் பிக்லோ' என்ற கம்பெனி இருந்தது. நம்மூர் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் முருகனையும் லட்சுமியையும் அச்சடித்து, கீழே கடைப் பெயரைப் போட்டு வருடப் பிறப்புக்குக் கொடுக்கிற மாதிரி, அங்கே மெக்கானிக் ஷாப்பும் டயர் கடையும் இந்தப் பெண்களைக் கொடுத்தன.

அந்தக் கம்பெனிக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வரைந்தவர் கில் எல்வ்கிரன். அதே செயின்ட் பால் நகரில் 1914இல் பிறந்தவர். கோகா கோலா விளம்பரத்துக்கு சாண்டா கிளாஸ் வரைந்த ஹேடன் சண்ட்ப்ளமிடமிருந்து தொழில் கற்றார். வண்ணத்தைக் குழைத்து வழவழவென்று பூசுகிற அந்தக் குழுவுக்கு 'மயோனைஸ் பள்ளி' என்றே கிண்டல் பெயர் உண்டு. எல்வ்கிரன் கற்பனையில் வரையவில்லை. மாடலை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, தானே புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து 30க்கு 24 அங்குல கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைவார். அதாவது, நான் செய்கிற வேலையேதான். என்னிடம் பிரஷ்ஷுக்குப் பதில் டேப்லெட் பேனா.

அந்தப் புகைப்படங்களில் பல இன்று கிடைக்கின்றன. இடப்பக்கம் புகைப்படம், வலப்பக்கம் ஓவியம் என்று ஜோடி ஜோடியாக நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் இடுப்பைப் பார்க்கிறார்கள். "பாரு, அந்தக் காலத்துலயே போட்டோஷாப்!" உண்மைதான். இடுப்பு குறைந்திருக்கிறது, கால் நீண்டிருக்கிறது, கண் பெரிதாகியிருக்கிறது. எல்வ்கிரன் படித்த சிகாகோ ஓவியப் பள்ளியில் பாடம் எடுத்த ஆண்ட்ரூ லூமிஸ், 1943இல் வந்த தன் பாடநூலில் எட்டுத் தலை உயரத்தை லட்சிய அளவாக வைக்கிறார். சாதாரண உடம்பு ஏழு, ஏழரை. 

நானும் ரொம்ப நாள் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் கண்ணில் பட்டது ஸ்டூல்.

ஓவியத்தில் அவள் காரின் பானெட் மேலோ வேலியின் மேலோ இருப்பாள். புகைப்படத்தில் அந்த இடத்தில் ஒரு ஸ்டூலோ பெட்டியோ இருக்கும். பின்னால் வெற்றுச் சுவர். அவள் ஒற்றைக் காலில் சமநிலை பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த கிளிக் வரைக்கும் அந்த "ஐயையோ" முகத்தைக் கலையாமல் வைத்திருக்கிறாள். கெண்டைக்கால் தசை இறுகியிருக்கும். முகத்தில் திடுக்கிடல் இருக்கும், கண்ணில் இருக்காது. கண் வேலையில் இருக்கும். அவள் சம்பளத்துக்கு வந்திருக்கிறாள், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறாள், நன்றாகவும் செய்கிறாள். பின்னாளில் மர்லின் மன்றோ ஆன பெண்ணும் 1940களின் இறுதியில் எர்ல் மோரன் என்ற ஓவியருக்கு இப்படித்தான் நின்று சம்பாதித்தாள்.

ஓவியம் அழித்தது இடுப்புச் சதையை மட்டும் என்றால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அது ஸ்டூலையும் அழிக்கிறது. அவள் தெரிந்து செய்தாள் என்பதற்கான ஒரே சாட்சி அது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை வைக்கிறது.

*

ஒரு புகைப்படம் எப்படி பின்-அப் ஆகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆளைத் தனியாக வெட்டி எடுத்துப் பின்னணியைத் தூக்கிவிட வேண்டும். ஒரே நிறம், காலுக்கடியில் ஒரு மெல்லிய நிழல், அவ்வளவுதான். பிறகு தோல். இதற்கு ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. படத்தை இரண்டு லேயராகப் பிரிக்கிறோம். ஒன்றில் நிறமும் வெளிச்சமும் மட்டும், மங்கலாக. இன்னொன்றில் மயிர்க்கால், சுருக்கம், மரு மாதிரியான நுணுக்கங்கள் மட்டும். இரண்டையும் கூட்டினால் பழைய படம் அப்படியே வந்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு லோ-பாஸ், ஹை-பாஸ் என்றால் புரியும். கீழ் லேயரில் பிரஷ்ஷால் வழித்துப் பூசிவிட்டு, மேல் லேயரின் அளவைக் குறைத்தால் தோல் வண்ணம் பூசியதுபோல ஆகிவிடும். முழுசாக எடுத்தால் பொம்மை. கொஞ்சம் விட்டால் ஓவியம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் என் சனிக்கிழமைகள் போகின்றன.

அடுத்து நிழல். கேமராவில் நிழல் சாம்பலாக விழும். எல்வ்கிரன் படங்களில் சாம்பல் நிழலைத் தேடினாலும் கிடைக்காது. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்குகிற ஓரத்தில் ஆரஞ்சோ சிவப்போ ஓடும். அதனால்தான் அந்தத் தோலுக்குள் ரத்தம் ஓடுவதுபோல இருக்கிறது. அதைத் தனி லேயரில் கையால் பூச வேண்டும். கூந்தலில் ஆயிரம் முடி இருக்கும், ஓவியர் வரைவது ஏழெட்டுக் கொத்து. மிக்ஸர் பிரஷ்ஷை முடி போகிற போக்கிலேயே இழுத்துக் கொத்தாக்க வேண்டும். கண்ணில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. முழங்கால், முழங்கை, குதிகாலில் கொஞ்சம் சிவப்பு. கடைசியில் வெள்ளையைப் பழுப்பாக்கி, கறுப்பைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, பழைய அச்சின் புள்ளிகளைச் சேர்த்தால் முடிந்தது.

ஒரே கிளிக்கில் இதைச் செய்கிற ஃபில்டர்கள் ஏன் ஓவியம் மாதிரி இருப்பதில்லை என்றால், ஃபில்டருக்கு மூக்கும் ஒன்றுதான் முழங்காலும் ஒன்றுதான். வரைகிறவர் ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுக்கிறார். இது இருக்கட்டும், இது போகட்டும், இது கொஞ்சம் பெரிசாகட்டும். ஒரு பின்-அப் படம் என்பது இப்படிப்பட்ட சில நூறு முடிவுகளின் தொகுப்பு. அந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தொழில்நுட்பக் கேள்வியாகத்தான் முதலில் இருந்தது.

அது வேறு கேள்வி ஆனது ஒரு வாட்ஸப் செய்தியால். முன்பு வேலை பார்த்த இடத்தில், டீமோடு ஒரு ரிசார்ட்டுக்குப் போய்வந்த வாரம், கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு படம் அனுப்பினார். எங்கள் டீம் பெண் ஒருத்தி கடலோரப் படியில் இறங்குகிறாள். காற்று. துப்பட்டா ஒரு பக்கம் பறக்க, குர்த்தா இன்னொரு பக்கம் தூக்க, அவள் கையால் அமுக்கியபடி திடுக்கிட்டுத் திரும்புகிறாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்தது.

"இத உங்க ஸ்டைல்ல பண்ணித் தாங்களேன். சும்மா ஜாலிக்கு."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா அப்புறம் என்னங்க சர்ப்ரைஸ்?"

அவர் சொன்னதில் ஒரு கொடூரமான சரி இருந்தது. இந்தக் கலையின் விதிகளை அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். காற்று இருந்தது, துணி இருந்தது, உயர்ந்த புருவமும் குவிந்த உதடும் இருந்தன. எல்வ்கிரன் மாடலை வைத்து மணிக்கணக்கில் உருவாக்கியது எல்லாம் இவருக்கு இலவசமாகக் கிடைத்திருந்தது. அந்தப் படத்தில் இல்லாதது ஒன்றுதான். ஸ்டூல்.

முடியாது என்று எழுதினேன். படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பது அவள் கதை, நான் சொல்வதற்கில்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதிகள். படத்தில் இருக்கிறவர்தான் என்னிடம் கேட்க வேண்டும். எந்தப் படம் என்பதையும் அவர்தான் எடுத்துத் தர வேண்டும். கணவன் மனைவிக்கு 'சர்ப்ரைஸ்' கொடுப்பதாக இருந்தாலும் இதேதான். இதனால் சில பிரியாணிகள் போயின.

*

போன வருடம் என் தோழி ஒருத்தி கேட்டாள். கல்லூரியிலிருந்து பழக்கம். முப்பத்தாறு வயது, கனத்த உடம்பு, நல்ல கறுப்பு. அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள், 'டஸ்கி' என்று யாராவது நாசூக்காகச் சொன்னால் திருத்துவாள். அவளிடம் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. மொட்டை மாடிக்கு அதை எப்படியோ நாலு பேரை வைத்து ஏற்றி, புள்ளி போட்ட பாவாடை, வெள்ளைச் சட்டை, தலையில் சிவப்பு ஸ்கார்ஃப், கையில் ஸ்பேனர் சகிதம் நின்று, டைமர் வைத்துத் தானே நாற்பது படம் எடுத்து, அதில் ஒன்றை அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் நோட்.

"இடுப்பத் தொடாத. கால நீட்டாத. கலர மாத்தாத. ஸ்கூட்டர்ல ரெண்டு கீறல் இருக்கு, அத வேணா எடுத்துடு."

இவ்வளவு தெளிவான ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் என் பதினாலு வருட வேலையில் எனக்குக் கிடைத்ததில்லை.

இடுப்பும் காலும் சுலபம், சும்மா இருந்தாலே போதும். மூன்றாவதுதான் கஷ்டம். இந்த மாதிரிப் படங்களுக்கென்று சொல்லித் தரப்படும் பாடங்களின் அளவுகளை அப்படியே போட்டால் என்ன ஆகிறது என்று ஒரு நகலில் ஓட்டிப் பார்த்தேன். கன்னத்தில் பீச் நிறத்தை 'ஸ்கிரீன்' முறையில் ஏற்றச் சொல்கிறது பாடம். வெளுத்த தோலில் அது வெட்கம் மாதிரி இருக்கும். இவள் கன்னத்தில் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. பழைய காகிதத் தோற்றத்துக்காகக் கறுப்பை வெளுக்க வைத்தபோது அவளும் சேர்ந்து வெளுத்தாள். பத்துப் படி முடிவதற்குள் கல்யாண விளம்பரத்தில் போடுகிற 'மாநிறம்' வந்துவிட்டது. அவள் நிறத்தை மாற்று என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் தன் பங்குக்குக் கொஞ்சம் மாற்றியது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தக் கருவிகளின் வேர் வரைக்கும் போனால் அங்கே ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஒன்றில்லை, வரிசையாக.

1950களில் கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்ப ஆரம்பித்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வருகிற மாதிரி மெஷினைத் திருகிவிட்டால் மற்ற எல்லாப் படமும் சரி என்று கணக்கு. முதலில் அதற்கு நின்றவர் கோடாக்கின் ஊழியர் ஷர்லி. பிறகு யார் நின்றாலும் அந்த அட்டைக்கு 'ஷர்லி கார்டு' என்றே பெயர். இதை ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் லோர்னா ராத் எழுதுகிற ஒரு தகவலை என்னால் மறக்கவே முடியவில்லை. பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் சரியாக வருவதில்லை என்று கோடாக்கை அசைத்த புகார்கள் மரச்சாமான் விற்பவர்களிடமிருந்தும் சாக்லேட் கம்பெனிகளிடமிருந்தும் வந்தவையாம். கறுப்பு மனிதர்கள் அதற்கு முன்பும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

டிஜிட்டலுக்கு வந்தால் லெனா. 1973இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படச் சுருக்க ஆய்வுக்கு நல்ல பளபளப்பான படம் ஒன்று தேவைப்பட்டது. கையில் இருந்தது 1972 நவம்பர் 'பிளேபாய்' இதழ். நடுப்பக்கப் பெண்ணின் தோளுக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் ஸ்கேன் செய்தார்கள். 512க்கு 512 பிக்சல். தொப்பி, இறகு, தோளுக்கு மேலாகத் திரும்பிய பார்வை. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகத்தில் எந்த மூலையில் இமேஜ் புராசஸிங் படித்தாலும் முதலில் பிளர் செய்கிற முகம் அதுதான். நானும் கல்லூரி லேபில் அந்த முகத்தைத்தான் பிளர் செய்தேன், கூர்மையாக்கினேன், இரைச்சல் சேர்த்து எடுத்தேன். பாதி ரெக்கார்டு நோட்டு அவள்தான். யார் இந்தப் பெண் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. பத்திரிகைக்குப் படம் கொடுத்தவரிடம் இதற்குச் சம்மதமா என்று அன்று கேட்டவர்களும் இல்லை. அந்தப் படம் உள்ள கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் 1 முதல் நிறுத்திக்கொண்டது. லெனாவின் படம் வந்த அந்த வருடங்களில் அதே 'பிளேபாயில்'தான் வயதான வர்காஸ் தன் பின்-அப் பெண்களை வரைந்துகொண்டிருந்தார்.

போட்டோஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் அது விற்பனைக்கு வருவதற்கு முன்பு அதை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான ஜான் நால், டெமோ காட்டப் பயன்படுத்திய படம் அவர் காதலி ஜெனிஃபருடையது. போரா போரா தீவுக் கடற்கரையில், மேலாடை இல்லாமல், நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, பின்-அப் என்பது நான் போட்டோஷாப்பில் செய்கிற ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கருவிக்குள்ளேயே அது முன்கூட்டி இருக்கிறது. சுவரில் மாட்டிய பெண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் கருவி கண்ணைத் திறந்திருக்கிறது. அது 'சரியான தோல்' என்று நினைக்கும் நிறத்தை நோக்கி எல்லாரையும் மெல்லத் தள்ளுவதில் சதி எதுவும் கிடையாது. பழக்கம்.

*

பாடங்களை மூடி வைத்துவிட்டு, கறுப்பு எப்படி வெளிச்சம் வாங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு உதவியது கோயில். கருங்கல் சிலைக்கு எண்ணெய் காப்பு சாத்தி முடித்ததும் பாருங்கள். அதுவரை தட்டையாக நின்ற கல்லில் மூக்கு, தோள், முழங்கால் எல்லாம் சட்டென்று எழும்பும். நிழல் ஒன்றும் மாறியிருக்காது, விளக்கொளி விழுகிற மேடுகள் மட்டும்தான் மின்னும். வெளுத்த தோலின் வடிவத்தை நிழலும் சிவப்பும் சொல்கின்றன. கறுத்த தோலின் வடிவத்தை மினுக்கம் சொல்கிறது.

அந்த மினுக்கம் வெள்ளை நிறமும் கிடையாது. எங்கிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்த நிறம். மொட்டை மாடியில் அவள் நெற்றியிலும் தோளிலும் இருந்தது வானத்தின் நீலம். முன்கையின் அடிப்பக்கத்தில் தட்டோட்டுத் தரையின் செம்மண் நிறம். மூலப் படத்திலேயே எல்லாம் இருந்தது, நான் பழகிய படிகள்தான் முதல் வேலையாக அதைத் துடைத்தன. கன்னத்துக்குப் பீச்சுக்குப் பதில் நாவல்பழ நிறத்தை 'மல்ட்டிப்ளை'யில் வைத்தேன். கறுப்பை வெளுக்க வைக்கும் படியை அவள் மேல் படாமல் மாஸ்க் போட்டுத் தடுத்தேன். பின்னணிக்கு எல்வ்கிரனின் இளம்பச்சை, கிரீம் எதுவும் சரியாக வரவில்லை. மஞ்சள் கிழங்கின் மஞ்சளைப் போட்டதும் அவள் முன்னால் வந்து நின்றாள்.

உடம்புக்கு ஒரு முன்னோடி கிடைத்தாள், ஹில்டா. 1950களின் பிற்பகுதியில் டுவேன் பிரையர்ஸ் என்பவர் அதே பிரௌன் அண்ட் பிக்லோ காலண்டருக்காக வரைய ஆரம்பித்த குண்டுப் பெண். செம்பட்டை முடி, தொந்தி, ஊஞ்சலில் ஆடுவதும் தூங்குவதும் புத்தகம் படிப்பதுமாகப் பல வருடங்கள் காலண்டரில் இருந்தாள். அவள் மடிப்புகளை பிரையர்ஸ் மறைக்கவில்லை, ஆசையாக வரைந்தார். அதைப் பார்த்துத்தான் தோழியின் முழங்கை மடிப்பை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றேன்.

முகத்துக்கு இன்னொருத்தி, ஸோயி மோசர்ட். ஆண்கள் கோலோச்சிய அந்தத் தொழிலில் பேஸ்டலில் வரைந்தவர். 1940களில் பிரௌன் அண்ட் பிக்லோவுக்காகவும் வரைந்தார். பல படங்களுக்குத் தானே மாடல், கண்ணாடி முன்னால் நின்று. வரைகிறவரும் நிற்கிறவரும் ஒருவரே என்னும்போது ஸ்டூல் எங்கேயும் போய்விடாது என்று எனக்குத் தோன்றும். தோழியின் படமும் அப்படித்தான். டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து நின்றவள் அவள். மூச்சு வாங்குவது கழுத்தெலும்பில் தெரிந்தது. புருவம் உயரவில்லை, உதடு குவியவில்லை. ஸ்பேனரைத் தோளில் சாய்த்து, "என்ன பாக்குற? பாரு" என்கிற மாதிரி நேராகப் பார்க்கிறாள். பின்-அப் இலக்கணத்துக்கு அது பிழை. நான் தொடவில்லை. பக்கத்தில் அவள் கேமராவை வைக்க எடுத்துப்போன பிளாஸ்டிக் முக்காலியின் ஒரு கால் ஓரமாகப் படத்துக்குள் வந்திருந்தது. வெட்டி எடுப்பது ரெண்டு நிமிட வேலை. அதையும் வரைந்து வைத்தேன். ஸ்கூட்டர் கீறலை மட்டும் சொன்னபடி எடுத்துவிட்டேன்.

இதற்கு எனக்கு ஐந்து வார இறுதிகள் ஆனது. நடுவில் பொறுமை இழந்த தோழி, போனில் இருந்த ஏதோ ஓர் ஏ.ஐ. ஆப்பில் அதே படத்தைப் போட்டு, பின்-அப் மாதிரி மாற்று என்று எழுதி, வந்ததை எனக்கு அனுப்பினாள். பத்து நொடி வேலை. அச்சு அசல் 1950. இடுப்பு பாதியாகியிருந்தது. நிறம் தேன் மாதிரி ஆகியிருந்தது. ஸ்பேனர் காணோம், கை சும்மா காற்றில் விரிந்திருந்தது. புருவம் மேலே, உதடு குவிந்து. அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த புள்ளிப் பாவாடை ஒரு பக்கமாக எழும்பியிருந்தது.

கீழே எழுதியிருந்தாள்: "நான் கேக்காத காத்து எங்கருந்துடி வந்துச்சு?"

இந்த ஆப்களை எழுதுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். கெட்ட எண்ணத்தோடு யாரும் காற்றை எழுதியிருக்க மாட்டார்கள். லட்சக்கணக்கான பழைய படங்களைக் கொடுத்தார்கள், அது கற்றுக்கொண்டது. அந்தப் படங்களில் எல்லாம் காற்று இருந்தது, ஸ்டூல் இல்லை. எல்வ்கிரனின் மாடலுக்காவது தன் பாவாடை எழும்பப்போவது தெரியும், அதற்குக் கூலியும் உண்டு. இப்போது யாருடைய படத்தையும் யாரும் போடலாம். "கேட்டா அப்புறம் என்னங்க சர்ப்ரைஸ்" என்றவருக்கு இனி நான் தேவையே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

எனக்கு ஏன் இந்தப் படங்கள் பிடிக்கின்றன என்று முதலில் கேட்டுக்கொண்டேனே. பார்க்கப்படுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அலங்கரித்துக்கொண்டு, வெளிச்சம் பார்த்து நின்று, "இப்போ பாரு" என்று சொல்வதில். அந்தச் சந்தோஷத்தை வெளியே சொல்ல அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இடமில்லாததால் நாயையும் வேலியையும் துணைக்கு அழைத்தார்கள் என்றுகூட இந்தக் கலையைப் புரிந்துகொள்ளலாம். இப்போது அந்தத் துணை தேவையில்லை என்பது என் கட்சி.

படத்தை ஏ3 அளவில் கெட்டி அட்டையில் பிரின்ட் போட்டுத் தோழியிடம் கொடுத்தேன். ஹாலில், டிவிக்கு மேலே, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டினாள். அவள் அம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்தாராம்.

"எவ்ளோ குடுத்த இதுக்கு? கொஞ்சம்கூட கலர் குடுக்கலையே?"

"நான்தாம்மா குடுக்க வேணாம்னு சொன்னேன்."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே பீரோ கதவில் ஒட்டிக்கொள்ளேன் என்றாராம். ஹாலில் இருந்தால் வர்றவங்க போறவங்க எல்லாம் பார்ப்பாங்க.

"பாக்கத்தான்மா மாட்டியிருக்கேன்" என்றாளாம் இவள்.